டோக்கன் அண்ணாச்சி

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "பேரச் சொல்லி என்னலே ஆவப்போவுது? எங்க ஊருத் தெருவுல நின்னு அந்தப் பேரக் கூப்பிட்டா பத்துப் பேரு திரும்பிப் பாப்பான். நம்பரச் சொல்லிக் கூப்பிடு, ஒருத்தந்தான் வருவான்" என்பார். அதனால் வடாலாவில் எங்கள் கம்பெனி வாசலில் எல்லோரும் அழைத்தபடி நானும் டோக்கன் அண்ணாச்சி என்றே எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவன் இல்லை. இன்றைக்குச் செம்பூரில் எனக்கு மூன்று பாத்திரக் கடை இருக்கிறது. திலக் நகரில் சொந்த வீடு. பட்டம் வாங்கிய பிள்ளைகள் என்னிடம் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். எல்லாம் ஆளைப் பார்த்து எடைபோடத் தெரிந்ததால் வந்தது. ஒருத்தன் கடைப்படி ஏறும்போதே குக்கர் வாங்க வந்தவனா, ஒரு கரண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவனா என்று சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள பம்பாயில் ஆள் குறைவு. அப்படிப்பட்ட நான் எடைபோட முடியாமல் தராசைக் கீழே வைத்தது இந்த ஒரு மனுஷனிடம்தான்.

அறுபதுகளில் நான் தாராவியில் அத்தை வீட்டில் இருந்துகொண்டு வடாலாவில் ஒரு தகர டப்பா கம்பெனிக்குப் போய்வந்தேன். டப்பாவுக்கு மூடி வெட்டுகிற பிரஸ் மெஷினில் வேலை. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் நாலு மூங்கில் நட்டு மேலே தார்ப்பாய் கட்டியிருக்கும். அதுதான் அண்ணாச்சியின் சைக்கிள் ஸ்டாண்டு. ஒரே நம்பர் அடித்த தகர டோக்கன் இரண்டு வைத்திருப்பார். ஒன்று ஹாண்டில்பாரில் தொங்கும், இன்னொன்று நம் கைக்கு வரும். கேட்டுக்குப் போனால் அங்கே வேறு டோக்கன். கம்பெனி கொடுத்த பித்தளை வட்டத்தைப் பெட்டியில் போட்டால்தான் வாட்ச்மேன் உள்ளே விடுவான். சாயங்காலம் சங்கு ஊதியதும் டைம் ஆபீஸ் ஜன்னலில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆக, காலையில் பித்தளையைக் கொடுத்துவிட்டுத் தகரத்தோடு உள்ளே போவோம். சாயங்காலம் தகரத்தைக் கொடுத்துவிட்டுப் பித்தளையோடு வீட்டுக்குப் போவோம். என் பித்தளையின் நம்பர் இருநூற்றுப் பதினேழு.

அண்ணாச்சி முகத்தை நம்பமாட்டார். டோக்கனைத்தான் நம்புவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டுங்காவில் ஒரு கோயில் வாசலில் செருப்புக் காவலும் அவர்தான். ஒரு தடவை அவருடைய சொந்த அண்ணன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, நேரே கோயிலுக்குப் போய், தம்பியிடமே செருப்பை விட்டுவிட்டுச் சாமி கும்பிட்டார். திரும்பி வந்தால் டோக்கனைக் காணோம்.

"ஏலே, நான் உன் கூடப் பொறந்தவம்லே!"

"அத யாரு இல்லன்னா? நீரு எங்க அண்ணன்தான். ஆனா இது எங்க அண்ணன் செருப்புன்னு செருப்பு சொல்லுதா?"

"போட்டுக் காட்டுதேன் பாரு. அச்சா இருக்கும்."

"உம்ம காலுக்கு அச்சா இருக்குத செருப்பு இந்த வாசல்ல நெறையாக் கெடக்கு. அத்தனையும் உம்மதா?"

அண்ணன்காரர் வெறுங்காலோடு தார் ரோட்டில் தத்தித் தத்தித் தாராவி வரைக்கும் போனார். சித்திரை வெயிலில் காய்ந்த ரோடு, பொழுது சாய்ந்தும் ஆறவில்லை. போகும் வழியெல்லாம் தம்பியைத் திட்டினார். தம்பியைப் பெற்றவர்கள் தன்னையும் பெற்றவர்கள் என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்ததாம். மறுநாள் வேட்டி மடிப்பிலிருந்து டோக்கன் விழுந்தது. கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாச்சி செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தார். அப்புறம்தான் எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, "எப்பண்ணே வந்தீரு? மைனி சொகமா இருக்காளா?" என்று கேட்டார்.

அவரிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. சைக்கிள் வராத மத்தியான நேரத்தில் அதைத் திறந்து தரையில் பரப்புவார். எல்லாம் எங்கெங்கேயோ பொறுக்கிய டோக்கன்கள்.

"இது மூடிப்போன மில்லு ஒண்ணுது. இது தொறமுகத்துல மூட்ட தூக்குனவன் கையில கட்டுனது. இது சண்டைக்குப் போனவன் கழுத்துல கெடந்தது. ஆளு பேச முடியாமப் போனாலும் இது பேசும். முன்ன ஒரு தண்ணி சொமக்குதவன் ஒரு ராஜா உசுரக் காப்பாத்துனானாம். ஒரு நாளைக்கு நீயே ராஜாவா இருடேன்னு சிம்மாசனத்துல ஏத்திவிட்டாவ. அவன் என்ன செஞ்சான் தெரியுமாலே? தண்ணித் தோற்பைய வெட்டி வட்டம் வட்டமா டோக்கன் அடிச்சான். அந்த ஒரு நாளும் அதுதான் துட்டு. இந்தத் தாராவியில எம்புட்டுத் தோலு கெடக்கு, ஒரு பயலுக்கும் ராஜாவாவத் தெரியல."

தாலியும் டோக்கன்தான், கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கையில் கட்டுகிற காப்பும் டோக்கன்தான் என்பார். ஒரு நாள் அவர் வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் சம்சாரம் அடுப்படியிலிருந்து, "அப்போ எனக்கும் நம்பர் அடிச்சி வச்சிருக்கீராக்கும்?" என்றாள்.

"இருக்கது ஒண்ணு. அதுக்கு எதுக்கு நம்பர்?" என்றார். அந்த அம்மாள் இன்னொரு தோசையை அவர் தட்டில் போட்டாள்.

அவர் குடியிருந்த தாராவிச் சந்தில் ஒரே ஒரு குழாய். விடிகாலையில் தண்ணீருக்கு வரிசை பிடிக்க ஆள் வராது. கல் வரும், ஓட்டை வாளி வரும், அறுந்த செருப்பு வரும். இது என் கல், அது உன் செருப்பு என்று தினமும் தலைமுடியைப் பிடித்துச் சண்டை. அண்ணாச்சி தகரத்தை வெட்டி நம்பர் அடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தார். தினம் நம்பர் மாறிமாறி வரும். சண்டை நின்றது. ஆனால் கொஞ்ச நாளில் வேறொன்று ஆரம்பித்தது. மூன்றாம் நம்பர் வைத்திருப்பவளிடம் இருபதாம் நம்பர்க்காரி மீன்குழம்பு கொடுத்து நம்பரை மாற்றினாள். கீரைக்காரி டோக்கனுக்குக் கீரை கொடுத்தாள். பேச்சியக்கா என்று ஒருத்தி, நல்ல நம்பராகப் பார்த்து வாங்கி முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வாள். நடக்கும்போதே கலகலவென்று சத்தம் வரும்.

"அண்ணாச்சி, ஒம்ம டோக்கன வச்சி இவ சந்தையே வெலைக்கு வாங்கிருவா போலிருக்கே" என்று மற்றவர்கள் முறையிட்டார்கள். அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். "துட்டு இப்பிடித்தான்ட்டி பொறந்துது! அதுல ராஜா தலை, இதுல என் நம்பர். அம்புட்டுத்தான்" என்றார்.

பிறகு ஒரு நாள் எங்கோ குழாய் உடைந்து அந்தச் சந்துக்குத் தண்ணீரே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பேச்சியக்காவின் முந்தானையில் இருந்தது அத்தனையும் வெறும் தகரம். அவள் அவிழ்த்து ஒவ்வொன்றாக அண்ணாச்சி வீட்டுக் கூரைமேல் வீசினாள். கூரையும் தகரம். அந்தச் சத்தத்தில் அண்ணாச்சி வெளியே வந்து, "எல்லாம் நம்பர்படி வீசு, திரும்ப எடுக்க வசதியா இருக்கும்" என்றாராம்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் கங்காணி அழைத்துப்போகிற ஆள் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தகர டோக்கன் கட்டிவிடுவார்கள், எந்தத் தோட்டத்து ஆள் என்று தெரிய. அப்பா மடியில் கிடந்த குழந்தை அதை வாயில் வைத்துக் கடித்து ஓரத்தை மடக்கிவிட்டது. அப்பா போனார். வருஷக்கணக்காகச் சேதி இல்லை. பிறகு ஒரு நாள் தாடியும் மீசையுமாக ஒருத்தர் வந்து நான்தான் என்று நின்றார்.

"எங்க அம்மைக்கி மொகம் தெரியல. கொரலும் தெரியல. அவரு மடியிலேருந்து தகரத்த எடுத்து நீட்டுனாரு. ஓரம் மடங்கி இருந்துது. அம்மை உள்ள வாங்கன்னுட்டா."

"அப்போ அவரு உங்க அப்பாதான?"

"அது யாருக்குலே தெரியும்? தகரம் சரியா இருந்துது."

ஒரு சைக்கிள் வந்தது, டோக்கன் மாட்ட எழுந்து போனார்.

இவருக்கு ஒரு மகள். மத்தியானம் அப்பாவுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுவருவாள். நான் டீ குடிக்க வெளியே வருகிற நேரமும் அவள் வருகிற நேரமும் ஒன்றாக இருந்தது. நானாக ஏற்படுத்திக்கொண்ட ஒற்றுமைதான். அப்போது நான் வாட்டசாட்டமாக இருப்பேன். என்னைத் திரும்பிப் பார்க்காத பெண் தாராவியில் இல்லை என்று சொல்லமாட்டேன், ரொம்பக் குறைவு. இவள் அந்தக் குறைவில் சேர்ந்தவள். அதனால்தான் எனக்குப் பிடித்துப்போனது. அத்தையை அனுப்பிப் பெண் கேட்டேன். வரச் சொன்னார்கள்.

ஆனி மாசத்து ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. நானும் அத்தையும் போய் உட்கார்ந்தோம். கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. வெற்றிலை மாற்றப் போகும்போது அண்ணாச்சி கையை மறித்தார்.

"தைக்கு இன்னும் எம்புட்டு நாள் கெடக்கு. வாயால சொன்னது அதுவரைக்கும் நிக்குமா? அடையாளமா ஒண்ணு குடு. அது இல்லாம ஒனக்கு ஒரு நாள் ஓடப்பிடாது. அப்பிடி ஒண்ணு."

என்னிடம் மோதிரம் இல்லை, கடிகாரம் இல்லை. சட்டைப் பையில் கையை விட்டேன். இருநூற்றுப் பதினேழு கையில் அகப்பட்டது. பெருமையாக எடுத்து வெற்றிலைமேல் வைத்தேன். அண்ணாச்சியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! தங்கம் வைத்திருந்தால்கூட அப்படி மலர்ந்திருக்காது. எடுத்து அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வெட்கத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் எதற்குச் சிரித்தாள் என்பது மறுநாள் காலை கம்பெனி கேட்டில்தான் எனக்குப் புரிந்தது.

"டோக்கன் கிதர் ஹை?" என்றான் வாட்ச்மேன், எங்கே என்று கை நீட்டி.

எனக்குப் பின்னால் தினக்கூலிக்கு ஆள் எடுக்க மாட்டார்களா என்று பத்துப் பேர் மழையில் நிற்கிறார்கள். வராதவன் இடத்தில் அவர்களில் ஒருத்தனை ஏற்றிவிடுவார்கள். நாலு நாள் வராவிட்டால் அவனே நிரந்தரம். நான் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, அதக் குடுங்க. சாயங்காலம் திருப்பித் தந்திருதேன்."

"குடுக்கப்பிடாது. திருப்பிக் குடுத்தா நிச்சயம் முறிஞ்சிட்டுன்னு அர்த்தம்."

"குடுக்கலன்னா என் வேலை போயிரும்!"

"வேலை இல்லாத பயலுக்கு நான் எப்பிடிலே பொண்ணு குடுப்பேன்?"

"அப்போ நான் என்னதான் செய்ய? வாங்கினா பொண்ணு இல்ல, வாங்காட்டா வேலை இல்ல!"

அண்ணாச்சி அரைஞாணைத் தொட்டுப் பார்த்தார். முதல் சங்கு ஊதிவிட்டது. "நீ உள்ள போவணும்னு யாருலே சொன்னா? டோக்கன் உள்ள போவணும். அது பெட்டியில விழுந்துட்டா நீ வேலைக்கி வந்தாச்சு. நானே போய்ப் போட்டுட்டு வாரேன். ஸ்டாண்டப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போனார்.

போட்டார். திரும்புவதற்குள் பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. வாட்ச்மேன் பித்தளையைத்தான் பார்த்தானே தவிர ஆளைப் பார்க்கவில்லை. "சலோ, சலோ" என்று முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினான். கேட் மூடிவிட்டது.

எங்கள் பகுதிக்கு அன்றைக்குத்தான் ஒரு புது ஃபோர்மன் வந்திருந்தார். மராட்டிக்காரர். யாரையும் தெரியாது, நம்பர் மட்டும் தெரியும். "தோ ஸோ ஸத்ரா!" என்று இந்தியில் என் நம்பரைக் கூப்பிட்டிருக்கிறார். நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால் அண்ணாச்சியால் வராமல் இருக்க முடியுமா? போய் நின்றிருக்கிறார். மெஷினைக் காட்டினார்கள். கூட வேலை செய்த நம் பையன்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. வேடிக்கை பார்க்க வேண்டாமா?

மத்தியானம் தூக்குவாளியோடு அவள் வந்தாள்.

"அப்பா எங்க?"

"உள்ள. நான் நிக்க வேண்டிய எடத்துல."

"அப்போ நீங்க?"

"அவரு இருக்க வேண்டிய எடத்துல."

"அப்போ இந்தச் சோறு யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாளியை என் முன்னால் வைத்தாள். சுண்டைவற்றல் குழம்பு. அதுதான் நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது.

சாயங்காலம் அண்ணாச்சி எண்ணெய்க் கறையோடு வந்தார். கண் பளபளவென்று இருந்தது. "ஏலே, நாள் பூரா வட்டம் வட்டமா வெட்டித் தள்ளுதீங்க. ஒண்ணுலகூட நம்பர் இல்லயே, எப்பிடிலே மனசு வருது?" என்றார். கழித்துப்போட்ட மூடிகள் கொஞ்சம் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அன்றோடு முடிந்ததா? மறுநாளும் அதே சிக்கல்தானே? மறுநாளும் அவர் போனார். அதற்கு மறுநாளும். நான் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து சைக்கிளுக்குக் காவல் இருந்தேன். மெஷினில் குனிந்து குனிந்து அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனாலும் டோக்கனை அவிழ்க்கவில்லை. நடுவில் ஒரு சாயங்காலம் அவர் வீட்டில் நடந்ததை, அங்கே போயிருந்த என் அத்தை வந்து சொன்னாள். இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே மகள் கேட்டிருக்கிறாள்:

"அப்பா, ஆளு யாரா இருந்தா என்ன, டோக்கன் யாரு கையில இருக்கோ அவுகதான், அப்பிடித்தான?"

"அப்பிடித்தான்."

"இருநூத்திப் பதினேழுக்குத்தான என்னப் பேசி முடிச்சிருக்கு?"

"ஆமா."

"அப்போ இப்ப மாப்பிள்ள நீங்கதானப்பா?"

அடுப்படியில் அவள் அம்மா கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்ததாம். "வே! வெக்கங்கெட்ட மனுசா! தையாவது மண்ணாவது. ஆடி பொறக்க முன்ன இந்தப் புள்ள கழுத்துல தாலி ஏறணும். இல்ல, அந்தப் பித்தளையோட நீரு ரோட்டுல போயிப் படும்!"

ஆனி கடைசி முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்கா கோயிலில் கல்யாணம். தாலி கட்டி முடித்ததும் அண்ணாச்சி அரைஞாணிலிருந்து பித்தளையை அவிழ்த்து, வெற்றிலையில் வைத்து என் கையில் கொடுத்தார். வேலையும் கிடைத்தது, பெண்ணும் கிடைத்தாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மறுநாள் காலை சைக்கிளை மிதித்துப் போய் ஸ்டாண்டில் சாத்தினேன். பெட்டியில் டோக்கனைப் போட்டேன். உள்ளே போய் மெஷின் முன்னால் நின்றேன்.

"நீ யார்?" என்றார் ஃபோர்மன் இந்தியில்.

"தோ ஸோ ஸத்ரா."

"பொய். அது ஒரு கிழவன். நரைத்த மீசை, வாயில் எப்போதும் புகையிலை. ஒரு வாரமாகப் பார்க்கிறேன், அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். டோக்கனை எங்கே திருடினாய்?"

நம் பையன்களைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வாரம் வேடிக்கை பார்த்தவர்கள் இப்போது வாயைத் திறந்தால் அவர்கள் வேலையும் சேர்ந்து போகும். எல்லோரும் மெஷினைக் குனிந்து பார்த்தார்கள். ஃபோர்மன் என் சட்டைக் காலரைப் பிடித்து, போலீஸைக் கூப்பிடு என்று வாட்ச்மேனிடம் கத்திக்கொண்டே கேட்டுக்கு இழுத்து வந்தார். கழுத்தில் மஞ்சள்கூடக் காயாத பெண்டாட்டி வீட்டில் இருக்கிறாள். நான் அழவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்தார். ஃபோர்மனுக்கு அவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "இதோ வந்துவிட்டான் என் ஆள்! இந்த டோக்கன் உன்னுடையதுதானே?" என்று பெட்டியிலிருந்து பித்தளையை எடுத்து நீட்டினார்.

ஆமாம் என்றால் நான் திருடன். இல்லை என்றால் ஒரு வாரம் அடுத்தவன் பேரில் உள்ளே போய்வந்த கள்ளன் அவர். ஸ்டாண்டைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அண்ணாச்சி பித்தளையைப் பார்த்தார். பிறகு அதை ஃபோர்மன் கையிலேயே மூடி வைத்தார்.

"டோக்கன் சோடோ சாப்" என்றார், அதை விடுங்கள் என்று. "போன வாரம் வந்தவன்தான் போர்ஜரி. அது நான். இவன்தான் அசல். ஹமாரா ஜாவாய்."

ஜாவாய் என்றால் மராட்டியில் மருமகன். ஃபோர்மன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவன்தான் அவன் என்பதற்கு என்ன அடையாளம்?"

அண்ணாச்சி என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். மழைத் தண்ணீரைத் துண்டால் துடைத்துவிட்டு, நெற்றி, மூக்கு, காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இந்தியெல்லாம் மறந்து தமிழிலேயே சொன்னார்:

"இந்த மூஞ்சிக்கு நான் ஜாமீன். இதுக்கு மேல எங்கிட்ட டோக்கன் இல்ல சாமி."

ஃபோர்மனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்த விதம் புரிந்திருக்க வேண்டும். என் காலரை விட்டார். "கிழவன் வெட்டிய அளவுக்கு மூடி வெட்டவில்லை என்றால் இன்று சாயங்காலமே நீ வெளியே" என்று பித்தளையை என்மேல் விட்டெறிந்தார். நான் பொறுக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

பத்தடி போயிருக்கமாட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது. அண்ணாச்சி கேட் கம்பிக்குள் கையை விட்டு ஒரு தகர டோக்கனை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஏலே மாப்ள! சைக்கிளச் சாத்திப்போட்டு டோக்கன் வாங்காமப் போறியே, சாயங்காலம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்து கேப்ப?"